தொற்றிலிருந்து புற்றுநோய் வரை: எந்தக் கிருமி, எத்தனை வருடம், எங்கே தடுக்கலாம்?

தாழை:
"புற்றுநோய் தொற்றுநோய் இல்லை" என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே "கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி போடுங்கள்" என்றும் எழுதியிருக்கிறது. இது எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டால் பாதிப் பேர் மழுப்புகிறார்கள். துறையில் இருப்பவர்கள் பொத்தாம் பொதுவாக இல்லாமல் எழுதுங்கள். எந்தக் கிருமி, செல்லை எப்படிக் கெடுக்கிறது, எந்த டெஸ்ட்டை நம்பலாம், கிருமி போனபின் ஆபத்தும் போய்விடுமா? ஃபார்வர்டு செய்திகளை இங்கே ஒட்ட வேண்டாம்.

நுண்ணோக்கி:
இரண்டு வாக்கியமும் சரிதான். பரவுவது கிருமி, கட்டி பரவாது. அடுத்தவருடைய புற்றுச் செல் உள்ளே வந்தால் நம் எதிர்ப்பு சக்தி அதை அந்நியச் சரக்கு என்று கண்டு அழித்துவிடும். உறுப்பு மாற்று சிகிச்சையில் அபூர்வமாக நடப்பதை விட்டுவிடலாம். விலங்குகளில் சில விதிவிலக்குகள் உண்டு: டாஸ்மேனியன் டெவில் என்ற ஆஸ்திரேலிய விலங்குக்கு வரும் முகக்கட்டி, கடிபடும்போது ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவும்.

முதலில் அளவு. 2018-ல் உலகம் முழுக்கக் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் சுமார் 22 லட்சம் தொற்றால் வந்தவை. நூற்றுக்கு 13. அதில் எச்.பைலோரி (இரைப்பையில் வாழும் பாக்டீரியா) 8.1 லட்சம், எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸ்) 6.9 லட்சம், ஈரலைத் தாக்கும் வைரஸ்களான ஹெபடைட்டிஸ் பி 3.6 லட்சம், ஹெபடைட்டிஸ் சி 1.6 லட்சம். இந்த நாலுமே பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டிவிடுகிறது. மீதியில் எப்ஸ்டீன்-பார் வைரஸ், கபோசி சார்கோமாவின் ஹெர்ப்பிஸ் வைரஸ், ஒரு வகை ரத்தப் புற்றை உண்டாக்கும் எச்டிஎல்வி-1 வைரஸ், பித்தக்குழாயில் குடியிருக்கும் இரண்டு தட்டைப்புழுக்கள், சிறுநீர்ப்பையைத் தாக்கும் சிஸ்டோசோமா புழு ஆகியவை வரும்.

கெடுக்கும் வழி மூன்று. எச்பிவி நேராக அடிக்கிறது: அதன் ஈ6 புரதம் நம் செல்லின் பி53-ஐ அழிக்கிறது, ஈ7 புரதம் ஆர்பி-யை முடக்குகிறது. செல் பெருகுவதைத் தடுத்து நிறுத்தும் காவல் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. ஹெப் சி அப்படியில்லை. அது ஆர்என்ஏ வைரஸ், நம் டிஎன்ஏ-வுக்குள் நுழைவதே இல்லை. வருடக்கணக்கில் ஈரலைப் புண்ணாக்கி ஆற்றி, புண்ணாக்கி ஆற்றி, தழும்பு போட வைக்கிறது. அந்த ஓயாத செல் பிரிவில்தான் பிழை சேர்கிறது. மூன்றாவது எச்ஐவி வழி. அது எந்தச் செல்லையும் புற்றாக்குவதில்லை. மற்ற வைரஸ்களை அடக்கி வைத்திருக்கும் டி-செல்களைக் காலி செய்கிறது. எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்பது இதனால்தான்.

மூன்றிலும் பொதுவான ஒன்று: கிருமி வந்து போவதால் எதுவும் ஆவதில்லை. வந்து தங்கினால்தான் ஆபத்து. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியது "வந்ததா?" என்றல்ல, "இன்னும் இருக்கிறதா?" என்று.

வைரல்லோடு:
ஈரல் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். மேலே ஒரு திருத்தம்: ஈரல் புற்றுக்கு எப்போதும் தழும்பு தேவை என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். ஹெப் சி-க்குப் பெரும்பாலும் அப்படித்தான். ஹெப் பி வேறு. அது டிஎன்ஏ வைரஸ். ஈரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே போய்ச் செருகிக்கொள்ளும். அதனால் சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறுவது) ஆகாத ஈரலிலும் கட்டி வரும். "ஸ்கேனில் ஈரல் நன்றாக இருக்கிறது, இனி வர வேண்டாம்" என்று ஹெப் பி ஆளை அனுப்பிவிடுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

வயது முக்கியம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும். ஆரோக்கியமான பெரியவருக்கு வந்தால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும். முதல் டோஸை 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்வது இதற்காகத்தான். தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் போட வேண்டும். வைரல் லோடு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. தாய்க்குக் கர்ப்பத்திலேயே டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவார்கள். தைவான் 1984-ல் பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. அங்கே 6 முதல் 14 வயதுள்ளவர்களின் ஈரல் புற்று விகிதம் லட்சத்துக்கு 0.70-லிருந்து 0.36-ஆக இறங்கியது. ஒரு தடுப்பூசி மனிதரில் புற்றுநோயைக் குறைத்ததற்கு முதல் நேரடிச் சான்று அது.

ரிப்போர்ட் படிப்பது இப்படி. மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: எச்பிஎஸ் ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்), ஆன்டி-எச்பிஎஸ் (அதற்கு எதிராக நம் உடல் செய்யும் ஆன்டிபாடி), ஆன்டி-எச்பிசி மொத்தம் (வைரஸின் உட்பகுதிப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி). ஆன்டிஜென் பாசிட்டிவ், ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவ் என்றால் நாள்பட்ட தொற்று. ஆன்டி-எச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியின் பலன். 10 யூனிட்டும் அதற்கு மேலும் போதும். ஆன்டிஜென் நெகட்டிவ், ஆன்டி-எச்பிசி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து அடங்கியது.

இந்த "அடங்கியது" என்ற வகையைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வைரஸின் வட்ட டிஎன்ஏ ஈரல் செல்லின் கருவுக்குள் படுத்துக்கிடக்கும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப், சில கீமோ மருந்துகள், அதிக டோஸ் ஸ்டீராய்டு ஏறினால் எழுந்து உட்காரும், ஈரலே செயலிழக்கலாம். லிம்போமா (நிணநீர்ப் புற்று) சிகிச்சைக்கு முன் ஆன்டிஜென் மட்டும் பார்த்துவிட்டு ஆன்டி-எச்பிசி பார்க்காமல் விடுவது பெரிய பிழை.

தாழை:
ஹெப் சி-யில் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தாலே சிகிச்சை தொடங்கிவிடலாமா? மாத்திரையில் குணமானவர்களுக்கும் பல வருடம் கழித்துப் பாசிட்டிவ் வருகிறதே?

வைரல்லோடு:
தொடங்கக் கூடாது. ஆன்டிபாடி ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். தானாகக் குணமானாலும் மாத்திரையில் குணமானாலும் அது அழியாது. வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ஆர்என்ஏ பிசிஆர் டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால்தான் தொற்று இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். குணமானவரைத் திரும்பத் திரும்ப ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கு அனுப்புவது வீண் பீதி.

நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம். 95 சதவீதத்துக்கு மேல் குணம். முடித்து 12 வாரம் கழித்து ஆர்என்ஏ இல்லை என்று வந்தால் குணம் என்று எழுதலாம். தொடங்கும் முன் ஹெப் பி பார்க்காமல் விட்டால், சி அடங்கியதும் பி கிளம்பும். இரண்டும் ஒரே ஈரலில் இருந்தால் சி, பி-யை அமுக்கி வைத்திருக்கும் என்பதே காரணம். குணமானவருக்கு எதிர்ப்பு சக்தி கிடைப்பதில்லை, மறுபடி தொற்றலாம். தடுப்பூசியும் இல்லை.

ஏற்கெனவே சிரோசிஸ் வந்துவிட்டதா? அப்படியானால் வைரஸ் போனாலும் கண்காணிப்பு நிற்காது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டு, கூடவே ரத்தத்தில் ஏஎஃப்பி (ஈரல் கட்டி இருந்தால் ஏறக்கூடிய புரதம்). ஏன் ஆறு மாதம் என்றால், ஈரல் கட்டி இரட்டிப்பாக எடுக்கும் காலம் பெரும்பாலும் அந்த அளவில்தான். வருடத்துக்கு ஒன்று என்று வைத்தால் சிறிய கட்டியைப் பிடிக்க முடியாது. உடல் பருமனால் அல்ட்ராசவுண்டில் ஈரல் முழுதாகத் தெரியாதவர்களுக்கு "கட்டி இல்லை" என்ற ரிப்போர்ட்டை அப்படியே நம்ப வேண்டாம், எம்ஆர்ஐ கேளுங்கள். ஏஎஃப்பி மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதும் தப்பு. கட்டி இருந்தும் ஏஎஃப்பி ஏறாதவர்கள் நிறைய.

இன்னொன்று, தலைப்பை ஒட்டித்தான். எகிப்தில் 1950-களிலிருந்து 80-கள் வரை சிஸ்டோசோமாவை ஒழிக்க ஆன்டிமனி ஊசியைப் பெரும் திரளுக்குப் போட்டார்கள். கண்ணாடி சிரிஞ்சுகளைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் காரணமான புழுவைத் துரத்தப் போய், ஈரல் புற்றுக்குக் காரணமான ஹெப் சி-யை ஒரு தலைமுறைக்கே ஏற்றிவிட்டார்கள். இன்று அதே புழுவுக்கு பிராசிகுவான்டெல் மாத்திரை, கிலோவுக்கு 40 மில்லிகிராம். ஊசியே வேண்டாம்.

குழாய்க்கேமரா:
இரைப்பைப் பக்கம் யாரும் வரவில்லையே. எண்ணிக்கையில் முதலிடம் எச்.பைலோரிதான்.

உலகில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பாக்டீரியா இருந்திருக்கிறது. புற்றுநோய் வரை போவது நூற்றில் ஒன்று முதல் மூன்று பேர். போகும் பாதை படிப்படியானது: நாள்பட்ட அழற்சி, இரைப்பைச் சுரப்பிகள் மெலிதல், இரைப்பைச் சுவர் குடல் சுவர் போல மாறுதல், செல் பிறழ்வு, கடைசியில் புற்று. பல பத்தாண்டுகள் எடுக்கும். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து, அது அழற்சிக்கும் அல்சருக்கும் காரணம் என்று காட்டியதற்காக 2005-ல் நோபல் வாங்கினார்கள்.

டெஸ்ட்டில் எங்கே தப்பு நடக்கிறது என்று சொல்கிறேன். ரத்த ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டாம். பழைய தொற்றையும் இப்போதைய தொற்றையும் பிரித்துச் சொல்லாது. மூச்சு டெஸ்ட் அல்லது மல ஆன்டிஜென் எடுங்கள். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகையை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக், பிஸ்மத் என்றால் நாலு வாரம். நிறுத்தாமல் எடுத்தால் கிருமி எண்ணிக்கை தற்காலிகமாகக் குறைந்திருக்கும், பொய் நெகட்டிவ் வரும். ரத்தக்கசிவு உள்ள அல்சரில் எடுத்த பயாப்சியிலும் பொய் நெகட்டிவ் உண்டு. ஆறியபின் மறுபடி பாருங்கள்.

சிகிச்சை 14 நாள், நாலு மருந்து: அமிலம் குறைக்கும் மருந்து, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். கிளாரித்ரோமைசின் சேர்த்த பழைய மூன்று மருந்து முறை, எதிர்ப்புத்திறன் பரவிவிட்டதால் பல இடங்களில் தோற்கிறது. தோல்விக்கு வழக்கமான காரணங்கள்: ஏழாம் நாள் வயிறு சரியாகிவிட்டது என்று நிறுத்துவது, பாலோடோ கால்சியம், இரும்பு மாத்திரையோடோ டெட்ராசைக்ளினை விழுங்குவது, அப்போது அது உடம்பில் சேராமல் வெளியே போய்விடும், டெட்ராசைக்ளின் கிடைக்கவில்லை என்று டாக்சிசைக்ளினை மாற்றிக் கொடுப்பது, குணமாகும் விகிதம் இறங்கும். பிஸ்மத் போட்டால் நாக்கும் மலமும் கறுக்கும். பயந்து நிறுத்துபவர்கள் நிறைய, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிளாரித்ரோமைசின் எடுக்கும் நாட்களில் கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாடின் கூடாது, தசை சிதையும்.

முடித்து நாலு வாரமாவது கழித்து மறுபடி மூச்சு டெஸ்ட். அறிகுறி போனதை வைத்துக் கிருமி போனது என்று முடிவு கட்டக் கூடாது.

நுண்ணோக்கி:
பயாப்சி அனுப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, உடல் பகுதியில் இரண்டு என்று ஐந்து துண்டு எடுங்கள். கீழ்ப்பகுதித் துண்டுகளையும் உடல் பகுதித் துண்டுகளையும் தனித்தனிப் புட்டியில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டு "இரைப்பை" என்று எழுதி அனுப்பினால், மாற்றம் ஒரு மூலையோடு நிற்கிறதா, மேலே உடல் பகுதிவரை ஏறிவிட்டதா என்று நான் சொல்ல முடியாது. அடுத்த எண்டோஸ்கோபி வேண்டுமா வேண்டாமா என்ற முடிவே அதில்தான் இருக்கிறது. என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள்.

தாழை:
அப்படியென்றால் பாக்டீரியாவை ஒழித்ததும் ஆபத்து பூஜ்யமா?

குழாய்க்கேமரா:
இல்லை. தொற்று இருந்த ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால், ஒழித்தவர்களில் இரைப்பைப் புற்று ஏறத்தாழப் பாதியாகிறது. பூஜ்யமாவதில்லை. சுவர் குடல் போல மாறிவிட்ட பிறகு ஒழித்தால் பலன் குறைவு. அந்த மாற்றம் பரவலாக இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு எண்டோஸ்கோபி தொடர வேண்டும்.

அதிசயமான விதிவிலக்கு மால்ட் லிம்போமா, இரைப்பைச் சுவரின் நிணத் திசுவில் வரும் புற்று. ஆரம்ப நிலை இரைப்பை மால்ட் லிம்போமாவில், கிருமியை ஆன்டிபயாடிக்கால் ஒழித்தாலே ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி கரைந்துவிடும். கரைய மாதக்கணக்கில் ஆகலாம், அவசரப்பட்டுக் கதிர்வீச்சுக்குப் போக வேண்டாம். 11, 18 குரோமோசோம்கள் இடம் மாறிய வகை மட்டும் பெரும்பாலும் மசியாது.

கதிரவன்_22:
அப்போ எல்லாப் புற்றுநோயும் ஏதோ ஒரு கிருமிதான், மருந்து கம்பெனிகள் மறைக்கிறார்கள் என்று சொல்வதில் உண்மை இருக்கும் போலிருக்கிறதே?

நுண்ணோக்கி:
நூற்றுக்கு 13 என்று மேலேயே போட்டிருக்கிறது. மீதி 87-ஐ எந்தப் பெட்டியில் மறைப்பது? இந்த ஆசை புதிதுமல்ல. யோஹானஸ் ஃபிபிகர் ஒரு புழுதான் எலிகளின் இரைப்பைப் புற்றுக்குக் காரணம் என்று சொல்லி 1926-ஆம் ஆண்டுக்கான நோபலே வாங்கினார். பிறகு அது தவறு என்று ஆனது. மறுபக்கம், பெய்ட்டன் ரௌஸ் 1911-லேயே கோழிக் கட்டி ஒரு வைரஸால் வருகிறது என்று காட்டினார். அவருக்கு நோபல் கிடைக்க 1966 ஆனது. கட்டியில் ஒரு கிருமி தென்படுவது மட்டும் போதாது. கட்டிக்கு முன்பே அது இருந்ததா, அதை நீக்கினால் கட்டி குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

அசெட்டிக்_5:
எச்பிவி-க்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட இங்கே தடுக்கும் வாய்ப்பு அதிகம், வீணாவதும் இங்கேதான்.

புற்றுக்குக் காரணம் என்று உறுதியான வகைகள் 12. அதில் 16, 18 இரண்டே கருப்பைவாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதம். ஹரால்ட் சுர் ஹௌசன் குழு 1983, 84-ல் இவற்றைப் பிரித்தெடுத்தது, 2008-ல் நோபல். தொற்றில் பத்துக்கு ஒன்பது இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும். தங்கிவிட்டதும் புற்றாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். எச்ஐவி-க்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10. இவ்வளவு நீண்ட அவகாசம் கிடைக்கும் புற்றுநோய் அபூர்வம்.

இதிலிருந்து வரும் விளைவு: முப்பது வயதுக்குக் கீழே எச்பிவி டெஸ்ட் எடுத்தால், தானாகப் போகவிருக்கும் தொற்றைப் பிடித்துவைத்து அவஸ்தைப்படுவீர்கள். உலக சுகாதார நிறுவனம் 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை என்கிறது. எச்ஐவி இருந்தால் 25-ல் தொடங்கி 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொடுக்கலாம். பிசிஆர் முறையில் அது மருத்துவர் எடுப்பதற்கு ஏறக்குறையச் சமம்.

கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் (வினிகரில் உள்ள அமிலம்) தடவி, கெட்ட இடம் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்க்கும் முறையில் நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, கரைசல். 5 சதவீதத்துக்கு, செறிவான அசெட்டிக் அமிலம் 5 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 95 மில்லி. கலக்க மறந்து செறிவானதையே தடவினால் திசு வெந்துபோகும். புட்டியில் லேபிள் ஒட்டுவது சின்ன வேலை இல்லை. இரண்டு, தடவியதும் பார்த்து "ஒன்றுமில்லை" என்று எழுதுவது. ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள், வெள்ளைத் திட்டு அதற்குப் பிறகுதான் தெளியும். மூன்று, ஐம்பது வயதுக்கு மேல் இந்த முறையைப் பயன்படுத்துவது. மாதவிடாய் நின்றபின், இரு வகைச் செல்கள் சந்திக்கும், நாம் பார்க்க வேண்டிய எல்லைக்கோடு வாயிலிருந்து உள்ளே ஏறிவிடும், கண்ணுக்கே படாது.

தடுப்பூசி வந்த தொற்றை விரட்டாது, வரப்போவதைத்தான் தடுக்கும். அதனால் 9 முதல் 14 வயது. 2022-லிருந்து 9 முதல் 20 வயதுவரை ஒரே டோஸும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி வழங்கப்பட்ட பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று 87 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி போட்டவர்களும் பிற்பாடு ஸ்கிரீனிங் எடுக்க வேண்டும், எல்லா வகையையும் அது தடுப்பதில்லை.

தாழை:
பாசிட்டிவ் வந்தால் வீட்டில் சண்டைதான் முதலில் வருகிறது. யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

அசெட்டிக்_5:
முடியாது. வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கி வருடக்கணக்கில் இருந்துவிட்டு மறுபடி தலைகாட்டும். இன்று பாசிட்டிவ் என்பதற்காக அண்மையில் தொற்றியது என்று யாரும் சொல்ல முடியாது. கவுன்சலிங்கில் இதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

புற்றுக்கு முந்தைய நிலை மாற்றத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் ஒரு வருடத்தில் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும். கருப்பையை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் தாளில் கருப்பைவாயும் சேர்த்து எடுத்தார்களா என்று பாருங்கள். வாயை விட்டுவிட்டு எடுத்திருந்தால் ஸ்கிரீனிங் தொடரும்.

நுண்ணோக்கி:
ஆண்களுக்கும் சொல்லிவிடுங்கள். எச்பிவி 16 தொண்டையில், டான்சில், நாக்கின் அடிப்பகுதியில் புற்று உண்டாக்கும். இதற்கு ஸ்கிரீனிங் டெஸ்ட் கிடையாது. முதல் அறிகுறி பெரும்பாலும் வலியில்லாத கழுத்துக் கட்டி. அந்த நிணக்கணு நீர்க்கட்டி போலவே ஸ்கேனில் தெரியும். 40 வயதுக்கு மேல் கழுத்தில் புதிதாக வந்த நீர்க்கட்டியைப் பிறவிக் கட்டி என்று நேரே அறுத்து எடுக்காதீர்கள். முதலில் ஊசி வைத்து உறிஞ்சி, பி16 (எச்பிவி-யின் கைவரிசையைக் காட்டும் புரதம்) சாயம் போட்டுப் பாருங்கள், டான்சிலையும் தேடுங்கள்.

கதிரவன்_22:
எப்ஸ்டீன்-பார் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தால்?

வைரல்லோடு:
பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாசிட்டிவ். ஒன்றும் செய்ய வேண்டாம். தெற்குச் சீனா போல மூக்குத்தொண்டைப் புற்று அதிகமுள்ள இடங்களில் மட்டும் ரத்தத்தில் அந்த வைரஸின் டிஎன்ஏ-வைத் தேடும் ஸ்கிரீனிங் பலன் தந்திருக்கிறது. உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கு விடாத காய்ச்சல், நிணக்கணு வீக்கம் என்றால் கதை வேறு. அங்கே இந்த வைரஸின் லிம்போமாவை உடனே தேட வேண்டும்.

குழாய்க்கேமரா:
கிருமி காரணமாக இல்லாமல் துப்பாக இருப்பதும் உண்டு. ரத்தக் கல்ச்சரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலிட்டிகஸ் (பழைய ரிப்போர்ட்டுகளில் போவிஸ் என்று இருக்கும்) வளர்ந்தால், ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பெருங்குடலில் கட்டியோ பாலிப்போ இருந்து, அந்த வழியாக அது ரத்தத்தில் ஏறியிருக்கலாம். இதய வால்வுக்கு எக்கோ, ஆள் தேறியதும் கொலோனோஸ்கோபி, இரண்டையும் டிஸ்சார்ஜ் தாளிலேயே தேதி போட்டு எழுதிவிடுங்கள்.